ஒரே சப்பாத்து, ஒன்பது விலை

கேமரன் மலையின் ரிங்லெட்டிலோ தானா ராத்தாவிலோ இருந்துகொண்டு கைப்பேசியில் ஒரு விளையாட்டுச் சப்பாத்தின் பெயரைத் தட்டிப் பாருங்கள். ஒரே நிறுவனம், ஒரே மாடல், ஒரே நிறம், ஒரே சைஸ். திரையில் ஒன்பது விலைகள் வரிசையாக வந்து நிற்கும். அடியில் இருப்பதற்கும் உச்சியில் இருப்பதற்கும் ஐம்பது அறுபது ரிங்கிட் வித்தியாசம் இருப்பது அபூர்வமல்ல. 2025 பிப்ரவரி முதல் மலேசியாவின் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 ரிங்கிட். 26 வேலை நாளுக்கு வகுத்தால் நாளொன்றுக்கு ஏறக்குறைய 65 ரிங்கிட். தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்யும் குடும்பத்துக்கு அந்த வித்தியாசம் ஒரு நாள் உழைப்பு.

கூடுதலாகக் கேட்பவரும் குறைவாகக் கேட்பவரும் பக்கத்துப் பக்கத்தில் நிற்கிறார்கள். யார் மலிவு என்று பச்சைக் குழந்தைக்கும் தெரியும். அப்படியானால் உச்சியில் நின்று 180 ரிங்கிட் கேட்பவரிடம் யார் போய் வாங்குகிறார்கள்? யாரும் வாங்கவில்லை என்றால் அவர் ஏன் இன்னும் விலையைக் குறைக்கவில்லை? ஒரே சந்தையில் ஒரே பொருளுக்கு ஒரே விலைதான் நிலைக்கும் என்று பொருளியல் பாடநூல்கள் பல தலைமுறைகளாகச் சொல்லி வந்தன. விலை ஒப்பீட்டுச் செயலிகள் வந்த பிறகாவது அது பலித்திருக்க வேண்டும். பலிக்கவில்லை.

தோட்டக் கடையும் 555 புத்தகமும்

கேமரன் மலையில் ‘போ’ தேயிலைத் தோட்டத்தை ஜே.ஏ. ரஸ்ஸல் 1929இல் தொடங்கினார். பாரத் தோட்டம் 1933இல் வந்தது. தென்னிந்தியாவிலிருந்து வந்த தமிழ்த் தொழிலாளர்கள் வரிசை வீடுகளான லயங்களில் குடியேறினார்கள். அரிசி, பருப்பு, மண்ணெண்ணெய், சப்பாத்து எதுவானாலும் தோட்டக் கடைதான், அல்லது டவுனில் தெரிந்த ஒரு மளிகைக் கடை. அங்கே விலையைவிட முக்கியமான ஒன்று இருந்தது: அட்டையில் 555 என்று அச்சிட்ட, சட்டைப் பையில் அடங்கும் ஒரு சிறு குறிப்பேடு. மாதம் முழுக்க வாங்கியது அதில் ஏறும். சம்பளம் போட்டதும் கணக்கு தீரும், அல்லது பாதி தீரும். மலேசியாவில் கடன் கணக்கு என்றாலே இன்றும் 555 புத்தகம்தான் நினைவுக்கு வரும்.

கடனில் வாங்குபவர் விலையை ஒப்பிட முடியாது. வேறு கடையில் இரண்டு ரிங்கிட் குறைவு என்று தெரிந்தாலும் அந்தக் கடைக்காரர் இவருக்குப் புத்தகம் திறக்க மாட்டார். கையில் ரொக்கம் இருந்தாலும், வேறு விலை தேட அடிவாரத்து ஊரான தாப்பா வரை இறங்க வேண்டும். தானா ராத்தாவிலிருந்து அது ஏறக்குறைய 60 கிலோமீட்டர், வளைந்து வளைந்து இறங்கும் மலைப்பாதை. மழைக்காலத்தில் மண் சரிந்தால் அதுவும் இல்லை. பஸ் காசு, ஒரு நாள் வேலை, பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆள் என்று எல்லாவற்றையும் கூட்டினால் மலிவான சப்பாத்து மலிவாக இருக்காது.

இன்னொரு விலையைத் தெரிந்துகொள்ள நாம் கொடுக்கும் காசு, நேரம், அலைச்சல் மூன்றையும் சேர்த்துத் ‘தேடல் செலவு’ என்போம். ஒரே பொருளின் விலை கடைக்குக் கடை மாறிக் கிடப்பதை ‘விலைச் சிதறல்’ என்போம். இந்த இரண்டையும் முடிச்சுப் போட்டவர் அமெரிக்கப் பொருளியல் அறிஞர் ஜார்ஜ் ஸ்டிக்லர். சிகாகோ நகரில் ஒரே மாடல் செவ்ரலே காருக்கு விற்பனையாளர்கள் வெவ்வேறு விலை சொல்வதை எடுத்துக்காட்டி, 1961இல் அவர் ஒரு கட்டுரை எழுதினார். விலைச் சிதறல் சந்தையில் நிலவும் அறியாமையின் அளவுகோல், அந்த அறியாமை நீடிப்பதோ அறிந்துகொள்ளச் செலவாவதால் என்றார். 1982இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

எத்தனை கடை ஏறுவது?

கணக்குக்காக ஒரு சப்பாத்தை எடுத்துக்கொள்வோம். அதன் விலை 100 ரிங்கிட்டிலிருந்து 200 வரை கடைகளில் சீராகப் பரவிக் கிடக்கிறது. எந்தக் கடையில் என்ன விலை என்று முன்கூட்டித் தெரியாது.

ஒரே கடையில் கேட்டு வாங்கிவிடுபவர் சராசரியாக 150 ரிங்கிட் கொடுப்பார். இரண்டு கடையில் கேட்டு எது குறைவோ அதை வாங்குபவருக்குச் சராசரி 133. மூன்று கடை என்றால் 125. நான்கு என்றால் 120. ஒன்பது கடை ஏறி இறங்கினால் 110.

இறங்கும் வேகத்தைக் கவனியுங்கள். இரண்டாவது கடை 17 ரிங்கிட் மிச்சம் பிடித்துத் தந்தது. மூன்றாவது 8. நான்காவது 5. ஒன்பதாவது கடைக்குப் போனவருக்கு அந்த ஒரு நடையில் கிடைத்தது ஒரு ரிங்கிட்டைச் சற்றே தாண்டிய தொகை. தேடத் தேடப் பலன் சுருங்குகிறது. கால் வலியோ சுருங்குவதில்லை.

இப்போது ஒவ்வொரு கடைக்கும் போய்வர 6 ரிங்கிட் செலவாகும் ஒருவரை நினைத்துக்கொள்ளுங்கள். மூன்றாவது கடை 8 மிச்சம் தருகிறது, போகலாம். நான்காவது 5தான் தரும், போகக் கூடாது. அவர் மூன்றோடு நிறுத்திக்கொண்டு 125 கொடுப்பார். அது சோம்பல் அல்ல, சரியான கணக்கு. படுத்தபடியே திரையைத் தள்ளும் இன்னொருவருக்கு ஒரு விலையைப் பார்க்க 20 காசு மதிப்புள்ள நேரம்தான் செலவு என்று வைத்துக்கொண்டால், அவர் 21 கடை வரை பார்க்கலாம். அவர் கொடுக்கும் சராசரி விலை 104 ரிங்கிட் 50 காசு.

இருவரும் ஒரே மாதிரி புத்திசாலிகள். வாங்கியதும் ஒரே சப்பாத்து. தேடல் செலவு கூடியவர் 20 ரிங்கிட் அதிகம் கொடுத்தார். வண்டி இல்லாதவர்களும் விடுப்பு எடுக்க முடியாதவர்களும், அதாவது ஏழைகள், அதிக விலை கொடுக்கும் அநியாயம் உலகெங்கும் இப்படித்தான் நடக்கிறது. விலை ஒப்பீட்டுக் கருவியை நான் மதிப்பது இதனால்தான். மலையில் இருப்பவருக்கும் கோலாலம்பூரில் இருப்பவருக்கும் அந்த 6 ரிங்கிட்டை அது 20 காசாக்கிவிடுகிறது.

இயந்திரம் எப்படி இரண்டு கடைச் சப்பாத்தையும் ஒன்று என்று கண்டுகொள்கிறது?

1995இல் ஆண்டர்சன் கன்சல்டிங் என்ற நிறுவனம் ‘பார்கெய்ன்ஃபைண்டர்’ என்றொரு நிரலை உருவாக்கியது. ஓர் இசைத் தட்டின் பெயரைச் சொன்னால் பல இணையக் கடைகளில் விலை கேட்டு வந்து சொல்லும். சில கடைகள் உடனே அதற்குக் கதவைச் சாத்தின. தங்கள் சரக்கை விலை ஒன்றை மட்டும் வைத்து எடைபோடுவதை அவை விரும்பவில்லை. அந்த இழுபறி இன்றுவரை தீரவில்லை.

இன்றைய கருவிகள் இரண்டு வழியில் விலையைத் திரட்டுகின்றன. ஒன்று, கடைகளின் பக்கங்களைத் தானாகவே படித்து விலையைப் பிரித்தெடுப்பது. மற்றது, கடைகளே தங்கள் சரக்குப் பட்டியலை அனுப்பிவைப்பது. 2014இல் கோலாலம்பூரில் தொடங்கிய ஐபிரைஸ் போன்ற ஒப்பீட்டுத் தளங்கள் பல கடைகளின் பட்டியல்களை ஓரிடத்தில் சேர்த்து, வாடிக்கையாளரை அனுப்பிவைத்ததற்குத் தரகு பெற்றன.

விலையைத் திரட்டுவது எளிது. இது அதே சப்பாத்துதானா என்று தீர்மானிப்பதே கடினம். பெட்டியில் கோடு கோடாக இருக்கும் பார்கோடின் கீழே 13 இலக்கங்கள் இருக்கும். மலேசிய அமைப்பில் பதிவு செய்த நிறுவனம் என்றால் அது 955 என்று தொடங்கும், இந்திய அமைப்பில் பதிந்தது என்றால் 890. பொருள் எங்கே செய்யப்பட்டது என்பதை அது சொல்லாது. நிறுவனம் எங்கே பதிந்தது என்பதை மட்டுமே சொல்லும். கடைசி இலக்கம் முந்தைய பன்னிரண்டையும் சரிபார்க்க வைத்த காவல். ஒவ்வொரு சைஸுக்கும் ஒவ்வொரு நிறத்துக்கும் தனி எண். இரண்டு நிறத்தில் பத்து சைஸ் வந்தால் ஒரே மாடலுக்கு 20 எண்கள். எல்லா விற்பனையாளரும் இந்த எண்ணை ஒழுங்காகப் பதிந்தால் வேலை முடிந்தது. பலர் பதிவதில்லை. அப்போது இயந்திரம் தலைப்பில் இருக்கும் சொற்களையும் படத்தையும் வைத்து ஊகிக்கிறது. ஊகம் தவறும் இடத்தில்தான் போலிச் சப்பாத்து அசலின் பக்கத்தில் அமர்ந்து ‘மிக மலிவு’ என்ற பட்டத்தைத் தட்டிக்கொண்டு போகிறது.

சைஸும் ஒரு சிக்கல். பிரிட்டிஷ் அளவில் ஒரு எண்ணிலிருந்து அடுத்த எண்ணுக்கு மூன்றில் ஓர் அங்குலம், ஏறக்குறைய எட்டரை மில்லிமீட்டர். ஐரோப்பிய அளவில் ஒரு படி ஏழு மில்லிமீட்டருக்கும் சற்றுக் குறைவு. இரண்டு படிக்கட்டுகளும் ஒன்றோடொன்று பொருந்துவதில்லை. ஒன்றிலிருந்து மற்றதற்கு மாற்றும்போது ஒவ்வொரு நிறுவனமும் தன் வசதிப்படி மேலேயோ கீழேயோ தள்ளிவிடுகிறது. பாதத்தின் அகலமோ இரண்டு கணக்கிலும் இல்லை. சைஸ் 41 என்று போட்ட இரண்டு சப்பாத்தில் ஒன்று பொருந்தி மற்றது கடிப்பது இதனால்தான்.

மத்தி மீனுக்கு நடந்தது சப்பாத்துக்கு ஏன் நடக்கவில்லை?

தேடல் செலவு விழுந்தால் விலைகள் ஒன்றுகூடும் என்பதற்கு மிக அழகான சான்று கேரளத்தின் வடகரையோரத்திலிருந்து வருகிறது. 1997க்கும் 2001க்கும் இடையில் அங்கே கைப்பேசிக் கோபுரங்கள் ஒவ்வொரு பகுதியாக எழுந்தன. சமிக்ஞை கடலுக்குள் 20, 25 கிலோமீட்டர் வரை எட்டியது. மத்தி பிடித்த படகுகள் கடலில் இருந்தபடியே எந்தக் கரையில் என்ன விலை என்று கேட்டுத் திரும்பின. அதுவரை ஒரு கரையில் வாங்க ஆளில்லாமல் மீன் வீணாகும் அதே காலையில், பக்கத்துக் கரையில் மீன் இல்லாமல் வியாபாரிகள் காத்திருப்பார்கள். ராபர்ட் ஜென்சன் என்ற பொருளியல் அறிஞர் இதை வாரவாரம் அளந்து 2007இல் வெளியிட்டார். கரைக்குக் கரை இருந்த விலை வேறுபாடு பெரிதும் சுருங்கியது. மீன் வீணாவது நின்றது. மீனவர் வருமானம் ஏறக்குறைய 8 விழுக்காடு கூடியது, வாங்குபவர் கொடுத்த விலை 4 விழுக்காடு குறைந்தது.

இணையக் கடையிலும் இதுதான் நடக்கும் என்று எதிர்பார்த்தார்கள். எரிக் பிரின்யோல்ஃப்சனும் மைக்கேல் ஸ்மித்தும் 1998, 1999இல் புத்தகங்கள், இசைத் தட்டுகளின் விலையை இணையத்திலும் சாதாரணக் கடைகளிலும் ஒப்பிட்டார்கள். இணையத்தில் விலை 9 முதல் 16 விழுக்காடு வரை குறைவாக இருந்தது. இது எதிர்பார்த்ததே. ஆனால் இணையக் கடைகளுக்கு உள்ளேயே விலைச் சிதறல் கணிசமாக நீடித்தது. ஒரே புத்தகம், எழுத்துக்கு எழுத்து ஒரே புத்தகம், வெவ்வேறு விலை.

ஹால் வேரியன் 1980இலேயே இதற்கு ஒரு விளக்கம் தந்திருந்தார். வாங்குபவர்கள் இரண்டு வகை. தேடுபவர்கள் ஒரு வகை, பழகிய இடத்தில் கேட்காமல் வாங்குபவர்கள் இன்னொரு வகை. எல்லோரும் தேடினால் விலை ஒன்றாகிவிடும். யாருமே தேடாவிட்டால் எல்லாக் கடையும் உச்ச விலையில் நிற்கும். இருவரும் கலந்திருக்கும்போது கடைக்காரர் ஒரு விலையில் நிலைக்க முடியாது. சில நாள் விலையை இறக்கித் தேடுபவர்களைப் பிடிப்பார், மற்ற நாள் ஏற்றித் தேடாதவர்களிடம் எடுப்பார். எல்லாக் கடையும் இப்படி ஏறி இறங்கும்போது, எந்த நொடியில் பார்த்தாலும் விலைகள் சிதறித்தான் தெரியும். 180 கேட்பவர் எப்படிப் பிழைக்கிறார் என்ற கேள்விக்கு இதுவே விடை. ஒரே கடையைத் திறந்து, முதலில் கண்டதை அமுக்கிவிட்டுப் போகும் வாடிக்கையாளர் அவருக்குப் போதும்.

இன்னொரு காரணம் இதைவிடக் கூர்மையானது. மத்தியைக் கூடையில் பார்க்கிறோம். அதில் விலையைத் தவிர ஒளிக்க எதுவும் இல்லை. சப்பாத்து விற்பவருக்கு ஒளிக்கப் பல இடங்கள் இருக்கின்றன. கிளென் எலிசன், சாரா எலிசன் இருவரும் கணினி உதிரிப்பாகங்களுக்கான ஒரு விலை ஒப்பீட்டுத் தளத்தை ஆராய்ந்து 2009இல் எழுதியது இதைத்தான். பட்டியலில் முதலிடம் பிடிக்கக் கடைகள் விலையைத் தரைமட்டத்துக்கு இறக்கின. பிறகு அதை அனுப்புக் கட்டணத்திலும், ‘இது மட்டமான ரகம், இன்னும் கொஞ்சம் போட்டால் நல்லது’ என்ற பேச்சிலும் மீட்டுக்கொண்டன. கருவி எதை அளக்கிறதோ அதில் போட்டி கடுமையாகிறது; அளக்காததற்கு வித்தியாசம் இடம்பெயர்ந்துவிடுகிறது. நம் ஊர்த் திரையிலும் பார்க்கலாம். ‘29 ரிங்கிட் முதல்’ என்று போட்ட சப்பாத்தைத் திறந்தால் 29 என்பது சப்பாத்துக் கயிற்றின் விலையாக இருக்கும்.

கை சேரும் விலை

இப்போது நம் சப்பாத்துக்குத் திரும்புவோம். எண்கள் கற்பனை, விதிகள் உண்மை. தோட்டத்தில் வேலை செய்யும் ஓர் இளைஞருக்குத் திரையில் இரண்டு விலை வருகின்றன, டவுனில் ஒரு விலை இருக்கிறது. வெளிநாட்டு விற்பனையாளர் 119 ரிங்கிட். கிள்ளானில் இருக்கும் விற்பனையாளர் 139, அனுப்புக் கட்டணம் இல்லை. தானா ராத்தா கடையில் 155. ‘குறைந்த விலை முதலில்’ என்று வரிசைப்படுத்தினால் வெளிநாட்டுக் கடை முதலிடம்.

அந்த 119உடன் அனுப்புக் கட்டணம் 12 சேர்கிறது. 2024 ஜனவரி 1 முதல், இணையத்தில் விற்று வெளிநாட்டிலிருந்து வரும் 500 ரிங்கிட்டுக்கு மேற்படாத பொருளுக்கு மலேசியா 10 விழுக்காடு விற்பனை வரி விதிக்கிறது. அது 11 ரிங்கிட் 90 காசு. ஆக 142.90. முதலிடம் இப்போதே கிள்ளானுக்குப் போய்விட்டது.

அடுத்தது கால். போட்டுப் பார்க்காமல் வாங்கும் நான்கு சப்பாத்தில் ஒன்று பொருந்தாது என்று வைத்துக்கொள்வோம். கிள்ளானுக்குத் திருப்பியனுப்பப் பொதி மையம் வரை போக வேண்டும். மையம் திறந்திருக்கும் நேரமும் கொழுந்து எடுக்கும் நேரமும் ஒன்றுதான். அரை நாள் சம்பளம் போகும், ஏறக்குறைய 33 ரிங்கிட். நான்கில் ஒரு தடவைதான் இந்தச் செலவு என்பதால் ஒவ்வொரு சப்பாத்தின் மீதும் அதில் கால் பங்கு, 8 ரிங்கிட், ஏற்ற வேண்டும். 139 இப்போது 147. வெளிநாட்டுக்குத் திருப்பியனுப்புவது பெரும்பாலும் நடக்காத காரியம். பொருந்தாததை யாருக்காவது பாதி விலைக்குத் தள்ளிவிட வேண்டியதுதான். 71 ரிங்கிட் இழப்பு, அதில் கால் பங்கு 18. 142.90 இப்போது 161. தானா ராத்தா கடையில் ஞாயிற்றுக்கிழமை எப்படியும் சாமான் வாங்கப் போகும்போது காலை நுழைத்துப் பார்த்தே வாங்கலாம். 155 அப்படியே 155.

முதலில் தெரிந்த வரிசை 119, 139, 155. வீடு வந்து, காலில் ஏறி, நிலைத்த பிறகு வரிசை 147, 155, 161. முதலில் நின்றது கடைசிக்குப் போயிற்று. இந்தக் ‘கை சேரும் விலை’யை எந்த ஒப்பீட்டுக் கருவியும் முழுதாகக் காட்டுவதில்லை. அதற்கு உங்கள் பாதமும் உங்கள் வேலை நேரமும் தெரியாது. வீட்டுக்கு வீடு எண் இல்லாத லயத்துக்கு அனுப்பினால் பொதி தோட்ட அலுவலகத்திலோ கடையிலோதான் இறங்கும் என்பதும் தெரியாது. முந்தைய தடவை அதே நிறுவனத்தில் அதே மாடலை வாங்கிப் பொருந்தியவருக்கு அந்த 8 ரிங்கிட் கழிந்துவிடும். அவர் தயங்காமல் கிள்ளானில் வாங்கலாம். புதிய மாடல் என்றால் டவுன் கடையில் போட்டுப் பார்த்து வாங்குவது நஷ்டமில்லை. போட்டுப் பார்த்துவிட்டு இணையத்தில் வாங்குவதும் ஒரு வழி. பலர் செய்கிறார்கள். அந்தக் கடையின் வாடகையும் மின்கட்டணமும் யார் தலையில் விழுகின்றன என்பதை யோசித்தால் எனக்கு அது பிடிக்கவில்லை.

வரிசையை யார் போடுகிறார்?

தரகு வாங்கிப் பிழைக்கும் கருவிக்குத் தரகு தராத கடையைக் காட்ட அவசியம் இல்லை. பட்டியலில் மேலே நிற்கக் காசு வாங்குவதும் வழக்கம். தன் சொந்த ஒப்பீட்டுச் சேவையைத் தேடல் முடிவுகளில் முன்னால் நிறுத்தியதற்காக ஐரோப்பிய ஆணையம் 2017இல் கூகுளுக்கு 242 கோடி யூரோ அபராதம் விதித்தது. 2024இல் ஐரோப்பிய உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது.

தரகு வாங்காத கருவியும் மலேசியாவில் உண்டு. உள்நாட்டு வாணிப அமைச்சின் பிரைஸ்கேட்சர் செயலிக்காக அதிகாரிகள் கடைகளுக்கு நேரில் போய் விலை எடுக்கிறார்கள். கோழி, முட்டை, எண்ணெய், காய்கறி என நூற்றுக்கணக்கான பொருள்களின் விலை அதில் உண்டு. அந்தத் தரவு அரசின் திறந்த தரவுத் தளத்திலும் கிடைக்கிறது. சப்பாத்து அதில் இல்லை. பள்ளித் தொடக்கத்துக்கு அரசு ஒவ்வொரு மாணவருக்கும் 150 ரிங்கிட் உதவித்தொகை தரும் நாட்டில், கறுப்புப் பள்ளிச் சப்பாத்தின் விலையையாவது அதே அதிகாரிகள் எடுத்துப் போட்டால் தோட்டத் தாய்மார்களுக்குப் பேருதவியாக இருக்கும்.

அதுவரை கடைகளின் எண்ணிக்கையைப் பாருங்கள். மைக்கேல் பாய், ஜான் மார்கன், பேட்ரிக் ஷோல்டன் மூவரும் ஒரு விலை ஒப்பீட்டுத் தளத்தில் பல லட்சம் விலைகளை ஆராய்ந்தார்கள். இரண்டே கடைகள் விற்கும் பொருளில் அவற்றின் விலை இடைவெளி சராசரியாக 23 விழுக்காடு. 17 கடைகள் விற்கும் பொருளில் மிக மலிவான இரண்டுக்கும் இடையே மூன்றரை விழுக்காடுதான். எல்லோரும் விற்கும் சப்பாத்தில் முதல் இரண்டு விலைகளுக்கு இடையே அலைய வேண்டாம். சிலரே விற்கும் மாடலிலும் அரிதான சைஸிலும் தேடினால் நேரத்துக்குப் பலன் உண்டு.

யாரும் ஒப்பிடாத சப்பாத்து

மலேசியாவில் ‘அடிடாஸ் கம்போங்’ என்று செல்லமாக அழைக்கப்படும் ஒரு கறுப்பு ரப்பர் சப்பாத்து உண்டு. அந்த ஜெர்மானிய நிறுவனத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. அடியில் குமிழ் குமிழாக இருக்கும், தண்ணீர் போனாலும் உடனே காயும், சேற்றில் வழுக்காது. பால்மரம் வெட்டுபவர்கள் போட்டது, வயலில் போடுவது, இப்போது கேமரன் மலையின் ஈராவ் சிகரத்துக்குச் சேற்றில் ஏறும் மலையேறிகளும் விரும்பிப் போடுவது. விலை இருபது ரிங்கிட்டுக்குள்.

1979இல் வெளியிட்ட ஓர் ஆய்வுக்காக ஜான் பிராட், டேவிட் வைஸ், ரிச்சர்ட் செக்ஹவுசர் மூவரும் பாஸ்டன் நகரக் கடைகளில் பல பொருள்களின் விலையைக் கேட்டுப் பார்த்தார்கள். பொருள் மலிவாக மலிவாக, அதன் விலையோடு ஒப்பிட்டால் சிதறல் அதிகமாக இருந்தது. விலையுயர்ந்த பொருளுக்கு மக்கள் தேடுகிறார்கள். மலிவுப் பொருளுக்கு யாரும் மெனக்கெடுவதில்லை, கடைகளும் அதை அறிந்திருக்கின்றன. ஆகவே ரப்பர் சப்பாத்து ஒரு கடையில் எட்டும் இன்னொரு கடையில் பன்னிரண்டுமாக இருந்தால் வியப்பில்லை. விழுக்காட்டில் பார்த்தால் பாதி வித்தியாசம், காசில் பார்த்தால் நான்கே ரிங்கிட். அந்த நான்கை மிச்சம் பிடிக்க இணையத்தில் போட்டால் அனுப்புக் கட்டணம் அதை விழுங்கிவிடும். ரிங்லெட் மளிகைக் கடையில் பன்னிரண்டு கேட்டாலும் அங்கேயே காலை நுழைத்துப் பார்த்து வாங்கிக்கொள்ளலாம்.